புது மைப்பேனா மக்கர் செய்கிறதா? கோளாறு வாரியாகப் பார்க்கும் வழி

புதுப் பேனா எழுதவில்லை என்றதும் எல்லாரும் நிப்பைத்தான் திட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கோ, பேனாவுக்குப் பொருந்தாத மையோ, முழுதாக உள்ளே போகாத கன்வெர்ட்டரோதான் (மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழற்றக்கூடிய சிறு குழாய்) காரணமாக இருக்கும். அதனால் செலவில்லாததில் தொடங்கி மேலே போகிற மாதிரி இதை எழுதியிருக்கிறது. வரிசையைத் தாண்டாதீர்கள். கழுவிப் பார்க்காத பேனாவின் நிப்பில் பிளேடு விடுவதும், உப்புத்தாளில் தேய்ப்பதும்தான் நல்ல நிப்புகள் குப்பைக்குப் போகும் வழி. தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

இங்கே சொல்வதெல்லாம் எஃகு நிப் போட்ட புதுப் பேனாக்களுக்கு. தங்க நிப் என்றால் கழுவுவது, மை மாற்றுவது, தாள் மாற்றுவது வரை நீங்கள் செய்யலாம். அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நிப்பின் நடுவே, துளையிலிருந்து முனைவரை ஓடுவது பிளவு. அதன் இருபுறமும் இருப்பவை இரண்டு கால்கள். காகிதத்தைத் தொடும் கடினமான உருண்டை முனைக்குண்டு. நிப்புக்கு அடியில் வரிவரியாக வெட்டிய கறுப்புக் கட்டையைக் கடைக்காரர்கள் ஃபீட் என்பார்கள். இங்கே நாக்கு என்று வைத்துக்கொள்வோம். விரல் பிடிக்கும் இடம் கழுத்து.

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்ய வேண்டிய இரண்டு

*கழுவுதல்.* 200 மில்லி சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரே ஒரு சொட்டு. கன்வெர்ட்டரால் பத்துத் தடவை உறிஞ்சி வெளியே தள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் (மை நிரப்பியே விற்கும் சிறு குப்பி) போடும் பேனா என்றால் மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசி இல்லாமல், கழுத்தின் பின்பக்கத் துளை வழியாகத் தண்ணீரைத் தள்ளலாம். பிறகு வெறும் தண்ணீரில் நுரை அறவே நிற்கும்வரை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் மை கட்டுப்பாடில்லாமல் ஓடி, தாளில் பரவும். ஒரு கோளாறை நீக்கப் போய் இன்னொன்றை வரவழைத்ததாகிவிடும். உங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். நாக்கின் மெல்லிய வாய்க்காலில் உப்புப் படிந்தால் அதை எடுப்பது சள்ளை பிடித்த வேலை. வெந்நீர், ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் எதுவும் வேண்டாம்.

அலசிய பிறகு ஒரு டம்ளரில் டிஷ்யூவை மடித்துப் போட்டு, நிப் அதைத் தொடும்படி கழுத்தை ஓர் இரவு நிறுத்திவையுங்கள். உள்ளே நீர் தங்கினால் முதல் சில வரிகள் வெளுத்து விழும். அதைப் பார்த்து மையைக் குறை சொல்ல வேண்டாம்.

*தோய்த்து எழுதிப் பார்த்தல்.* கழுவி உலர்ந்த பேனாவில் மை நிரப்பாமல், நிப்பைத் துளை மூழ்கும் அளவுக்கு மைப்புட்டியில் தோய்த்து, விளிம்பில் லேசாகத் துடைத்து எழுதுங்கள். தோய்த்தால் நன்றாக எழுதுகிறது, நிரப்பினால் எழுதவில்லை என்றால் கோளாறு நிப்புக்குப் பின்னால் இருக்கிறது: நாக்கு, கன்வெர்ட்டர், காற்று. தோய்த்தும் விட்டுவிட்டு விழுகிறது, கீறுகிறது என்றால் முனை, பிளவு, தாள், மை ஆகியவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும். பேனா வாங்கும்போதே கடையில் இப்படித் தோய்த்து எழுதிப் பார்த்து வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. மை நிரப்பிய பேனாவைத் திரும்ப எடுக்க எந்தக் கடைக்காரரும் தயங்குவார்.

கையில் இருக்க வேண்டியவை: நகை வேலைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ், பழைய மென்மையான டூத் பிரஷ், பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு, 0.05 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ஒரு கீற்று. லென்ஸ் இல்லாமல் கீறல் கோளாறுக்குள் போகவே கூடாது.

கோளாறு 1: மையே வரவில்லை

கார்ட்ரிட்ஜ் போட்ட பேனாவா? நேராக வைத்து, "டொக்" என்று உடையும்வரை அழுத்தினீர்களா? பாதி அழுத்தினால் வாய் திறக்காது. திறந்த பிறகும் வறண்ட நாக்கில் மை இறங்க ஓரிரு நிமிடம் பிடிக்கும். நிப்பைக் கீழ்நோக்கிப் பிடித்துக் காத்திருங்கள், அல்லது கார்ட்ரிட்ஜின் வயிற்றை மெல்ல ஒருமுறை அமுக்குங்கள். பேனாவை உதறாதீர்கள். சட்டையும் சுவரும்தான் பாழாகும்.

கன்வெர்ட்டர் என்றால், அது அந்தப் பேனாவுக்கு உரியதுதானா? பைலட், லாமி, பார்க்கர், ஷேஃபர் ஆகியவை தத்தம் அளவில் கார்ட்ரிட்ஜ் செய்கின்றன. வேறு பலவற்றில் பொது அளவு கார்ட்ரிட்ஜ் போகும். "உள்ளே போகிறதே" என்பது பொருந்துகிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. நிரப்பும்போது நிப்பு முழுவதும், கழுத்தின் நுனி வரை, மையில் மூழ்க வேண்டும். பாதி மூழ்கினால் கன்வெர்ட்டர் காற்றைத்தான் இழுக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையா? கன்வெர்ட்டரைத் திருகி ஒரு சொட்டு வெளியே தள்ளுங்கள். சொட்டு வந்து, எழுதி, மறுபடி நின்றால் கோளாறு 4-க்குப் போங்கள். சொட்டே வராமல் திருகு கடினமாக இருந்தால் நாக்கு அடைத்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு மறுபடி கழுவுங்கள். புதுப் பேனாவே அடைத்திருக்கிறது என்றால் கடையில் யாரோ மை போட்டுப் பார்த்துக் காயவிட்டிருக்கலாம், அல்லது கடைசல் தூள் சிக்கியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. படம் வரைய விற்கும் இந்தியன் இங்க், அக்ரிலிக் மை, ஸ்டாம்ப் பேட் மை ஆகியவற்றை மைப்பேனாவில் ஊற்றவே கூடாது. இந்தியன் இங்க்கில் அரக்கு போன்ற பிசின் இருக்கும். காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது.

கோளாறு 2: முதல் இழுப்பு விழவில்லை

இதில் இரண்டு வகை உண்டு. குழப்பிக்கொண்டால் தவறான மருந்து கொடுப்பீர்கள்.

*காலையில் திறந்தால் மட்டும் விழவில்லை. நாலு கோடு கிறுக்கியதும் சரியாகிவிடுகிறது.* இது உலர்தல். நிப்பின் தப்பு இல்லை. மூடியை முழுதாகத் திருகினீர்களா, அமுக்கு மூடி என்றால் சத்தம் கேட்டதா என்று பாருங்கள். பிறகு மூடியின் திறந்த வாயை உதட்டில் வைத்து உறிஞ்சுங்கள். காற்று தாராளமாக வந்தால் எங்கோ துளை இருக்கிறது, பெரும்பாலும் கிளிப் நுழையும் இடத்தில். அந்த இடத்தில் செலோடேப் ஒட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் முதல் கோடே விழுந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. மூடி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பேனா மூடியில் வேண்டுமென்றே துளை விட்டிருப்பார்கள். விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு விட முடிய வேண்டும் என்பதற்காக. அதை நிரந்தரமாக அடைக்காதீர்கள். மூடி சரியென்றால், பேனாவை நிப் மேலே இருக்கும்படி நிறுத்தி வைக்காமல் படுக்கவையுங்கள். ஏப்ரல், மே வெயிலில் மின்விசிறிக்கு அடியில் மூடி திறந்து இரண்டு நிமிடம் யோசித்தாலே சில மைகள் முனையில் காய்ந்துவிடும். அது கோளாறு இல்லை.

*எழுதிக்கொண்டே இருக்கும்போதும் ஒவ்வொரு இழுப்பின் தொடக்கமும் விழவில்லை.* இதுதான் உண்மையான நிப் கோளாறு. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது: புள்ளி வையுங்கள். "க் ச் ட் த் ப் ற்" என்று ஒரு வரி எழுதி, புள்ளியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எடுங்கள். நல்ல நிப் தொட்ட இடத்தில் மை வைக்கும். கோளாறான நிப்பில் ஆறு எழுத்துக்கு மூன்று புள்ளிகூட விழாது; கொஞ்சம் அழுத்தினால் விழும்.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

தாள். வழவழப்பான தாளிலும், உள்ளங்கை வியர்வையும் எண்ணெயும் பட்ட தாளிலும் மை பிடிக்காது. பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் எழுத்து விட்டுப்போனால் கை பட்ட பிசுக்கேதான் காரணம். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து எழுதிப் பாருங்கள்.

மை. பெலிக்கன் 4001 போன்ற மைகள் கொஞ்சம் வறட்டு ரகம். வாட்டர்மேன், பைலட்டின் இரோஷிசுகு போன்றவை தாராளமாக ஓடும். மை மாற்றினால் சரியாகிறது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு புட்டி மை, ஒரு நிப் வேலைக்காரரின் கூலியைவிட மலிவு.

பிடிக்கும் விதம். பந்துமுனைப் பேனாவில் பழகிய கை நிப்பைக் கொஞ்சம் உருட்டிப் பிடிக்கும். இரண்டு கால்களும் ஒருசேரத் தாளைத் தொடாவிட்டால் மை இறங்காது. நிப்பின் துளை நேராக மேலே பார்க்கிறதா என்று பாருங்கள். தாளிலிருந்து சாய்வு ஏறக்குறைய 45 முதல் 55 டிகிரி.

இந்த மூன்றும் சரியாக இருந்து, தோய்த்து எழுதினாலும் புள்ளி விழவில்லை என்றால், முனையின் உள்விளிம்புகள் அளவுக்கு மேல் உருண்டிருக்கின்றன. வழவழவென்று எழுத வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையில் அதிகமாக மெருகேற்றியதன் விளைவு இது. பிளவு தாளைத் தொடும் இடத்தில் இருபுறமும் உள்நோக்கி வளைந்துவிடுவதால், மை பிளவின் வாய்வரை வந்தும் தாளை எட்டாமல் ஒரு மயிரிழை உயரத்தில் நிற்கும். இந்த நிப் விழும்போது வெண்ணெய் மாதிரி எழுதும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இதைச் சரிசெய்ய முனையின் அடிப்பகுதியைச் சமமாக அரைக்க வேண்டும். வீட்டு வேலை இல்லை. திருப்பித் தரும் கெடு தாண்டாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். தாண்டிவிட்டால் நிப் மாற்றுங்கள், அல்லது நிப் வேலைக்காரரிடம் போங்கள்.

கோளாறு 3: கோடு எப்போதும் மெலிந்து வறண்டு விழுகிறது

கழுவியாயிற்று, மையும் மாற்றியாயிற்று என்றால் நிப்பை விளக்குக்கு எதிரே பிடித்து லென்ஸில் பாருங்கள். துளையிலிருந்து முனை நோக்கிப் பிளவில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். அது குறுகிக்கொண்டே வந்து முனைக்குண்டில் இரண்டு கால்களும் தொட்டும் தொடாமலும் முடிய வேண்டும். பாதியிலேயே கீற்று மறைந்து, கால்கள் இறுகக் கட்டிக்கொண்டிருந்தால் மைக்கு வழியில்லை.

பித்தளைத் தகட்டைத் துளைப்பக்கம் பிளவில் நுழைத்து, முனை நோக்கி மெல்ல இழுத்து வெளியே எடுங்கள். நாலைந்து தடவை போதும். ஒவ்வொரு தடவைக்கும் எழுதிப் பாருங்கள். முனையிலிருந்து உள்ளே திணிக்காதீர்கள், உள்விளிம்பு கெடும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்த பிளேடு வித்தையை மறந்துவிடுங்கள். சவரபிளேடு 0.1 மில்லிமீட்டர் தடிமன், போதாக்குறைக்குக் கூர்மை வேறு. அது பிளவை அகட்டுவதோடு நிற்காது, உட்சுவரைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் முலாம் போய்த் துருவும் பிடிக்கும்.

தகடு எடுத்ததும் கால்கள் மறுபடி ஒட்டிக்கொண்டால்: நிப்பை இரண்டு கட்டைவிரல்களாலும் மேலிருந்து, துளைக்கு இருபுறமும் உள்ள தோள்களில், நாக்கின் மீது வைத்தபடி லேசாக அழுத்தி வெளிப்பக்கம் விலக்குங்கள். மூன்று விநாடி அழுத்தம், உடனே லென்ஸ். வெளிச்சக் கீற்று முனைவரை தெரிந்த கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு அழுத்து, கோளாறு 6-இல் கொண்டுபோய் விடும்.

பிளவு சரியாக இருந்தும் கோடு வறண்டால், நாக்கு நிப்பை விட்டுப் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். நாக்கின் நுனி முனைக்கு அருகே வந்தால் மை கூடும், விலகினால் குறையும். அமுக்கிப் பொருத்திய நிப் என்றால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். கழற்றும் முறை கோளாறு 4-இல்.

கோளாறு 4: அரைப் பக்கம் நன்றாக எழுதி, பிறகு வெளுத்து நின்றுவிடுகிறது

தேர்வுத் தாள் எழுதும் பிள்ளைகளின் புகார் இது. இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஆயுளுக்கும் தெரியாது.

எழுத்து வெளுத்த அந்தக் கணத்திலேயே பேனாவின் உடலைத் திருகிக் கழற்றி, கன்வெர்ட்டரைப் பாருங்கள்.

*மை பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, வாய்ப்பக்கம் காற்றாக இருக்கிறது.* மெல்லிய கன்வெர்ட்டரின் சுவரில் மை பிடித்துத் தொங்குகிறது. தட்டினால் இறங்கிவிடும். கன்வெர்ட்டரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி அலசுங்கள். மறுபடி வந்தால், உள்ளே உருளும் குண்டோ சுருளோ வைத்த கன்வெர்ட்டர் கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் கார்ட்ரிட்ஜுக்கு மாறுங்கள். காலியான கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சால் மை நிரப்பிக்கொள்ளலாம். அதன் உட்புறம் அகலம், மை எளிதில் தொங்காது.

*மை வாய்ப்பக்கமே இருக்கிறது, ஆனாலும் இறங்கவில்லை.* மை இறங்க வேண்டுமென்றால் அதே அளவு காற்று உள்ளே ஏற வேண்டும். அந்த வழி அடைத்திருக்கிறது அல்லது மிகக் குறுகல். நிப்பையும் நாக்கையும் கழற்றிக் கழுவ வேண்டிய நேரம் இது. முதலில் உங்கள் பேனாவில் நிப் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். திருகி எடுக்கும் உறையில் நிப் இருந்தால், உறையோடு மொத்தமாகத் திருகி எடுத்துவிடலாம். வெறுமனே அமுக்கிப் பொருத்தியது என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, சைக்கிள் டியூப் துண்டால் நிப்பின் மேற்புறத்தையும் நாக்கின் அடிப்புறத்தையும் சேர்த்துப் பிடித்து, ஆட்டாமல், முறுக்காமல் நேராக இழுங்கள். நாக்கின் பக்கவாட்டு வரிகளைப் பிடித்து அழுத்தினால் சீப்புப் பற்கள் உடையும். லாமி சஃபாரியில் நிப் மட்டும் முன்பக்கமாக வழுக்கி வரும்; நிப்பின் மேல் செலோடேப் ஒட்டி இழுத்தால் போதும், நாக்கைத் தொட வேண்டியதில்லை.

கழற்றிய நாக்கை டூத் பிரஷ்ஷால் நீளவாக்கில் தேயுங்கள். நடு வாய்க்காலில் பித்தளைத் தகட்டை ஒருமுறை ஓட்டி எடுங்கள். எபோனைட்டில் (கடின ரப்பரில்) கடைந்த நாக்குகளில் வாய்க்காலுக்குள் தூள் தங்கியிருப்பது சகஜம். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் கையால் கடையும் பேனாக்களை வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்துவிடுவது நல்லது. திரும்பப் பொருத்தும்போது நாக்கின் நடுவாய்க்காலும் நிப்பின் பிளவும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

வாய்க்கால் சுத்தமாக இருந்தும் பக்கத்தின் நடுவில் நின்றால், வாய்க்காலை ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும். அது செய்தவர் வேலை. பேனாவை அவரிடமே அனுப்புங்கள்.

கோளாறு 5: கீறுகிறது

முதலில், கீறுகிறதா, சுரசுரக்கிறதா? மெல்லிய முனைகள், குறிப்பாக ஜப்பானிய எஃப், இஎஃப் முனைகள், தாளின் நாரை உணர்த்தும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பென்சில் போலச் சத்தம் வந்தால் அது அந்த முனையின் குணம். ஒரு திசையில் மட்டும் தாளைக் கொத்தினால், நாரைப் பிய்த்தால், அது கோளாறு.

பிளவில் நார் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான நோட்டுத் தாளில் இரண்டு பக்கம் எழுதினாலே ஒரு நூல் மாட்டிக்கொள்ளும். கோடு திடீரென்று தடித்து, ஓரத்தில் மயிர் மாதிரி இன்னொரு கோடும் வந்தால் இதுதான். தகட்டை ஒருமுறை ஓட்டினால் போச்சு.

அடுத்து கால்களின் ஏற்ற இறக்கம். புதுப் பேனாவில் கீறலுக்கு இதுதான் பெரிய காரணம். பெட்டியில் வரும்போதே ஒரு கால் மயிரிழை தாழ்ந்திருக்கும். எந்தக் கால் என்று கண்டுபிடிக்க "ட" எழுதுங்கள், மெதுவாக, பெரிதாக, அழுத்தமே இல்லாமல். இடமிருந்து வலமாகப் போகும் அடிக்கோட்டில் கொத்தினால், எழுதும் நிலையில் மேலிருந்து பார்க்க இடப்பக்கமாக இருக்கும் கால் தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்த காலின் உள்விளிம்பு மறைப்பில்லாமல் வெளியே நிற்கும். மற்ற காலின் திசையில் நகரும்போது அந்த விளிம்பு உளி மாதிரி தாளில் இறங்கும். வலமிருந்து இடமாகக் கோடு இழுக்கும்போது கொத்தினால் வலக்கால் தாழ்வு. பிறகு "ண", "ஞ", "ழ" எழுதிப் பாருங்கள். சுழி முழுவதும் சுற்றிவருவதால் எந்தத் திசையும் தப்பாது.

இப்போது லென்ஸ். நிப்பின் முனை உங்கள் கண்ணைப் பார்க்க, மேற்புறம் மேலேயே இருக்கும்படி பிடித்து உறுதிசெய்யுங்கள். இப்படிப் பிடிக்கும்போது இடம் வலம் மாறிவிடும். இதை மறந்து எதிர்க்காலை வளைப்பவர்கள் நிறையப் பேர். தாழ்ந்த காலின் கீழ், முனைக்குச் சற்றுப் பின்னால், கட்டைவிரல் நகத்தை வைத்து மேலே தூக்கி, இரண்டு விநாடி வைத்து விடுங்கள். எஃகு துள்ளித் திரும்பும், அதனால் சமநிலையைத் தாண்டி ஒரு இம்மி தூக்க வேண்டும். லென்ஸில் பாருங்கள். மறுபடி. நாலைந்து சின்னத் தூக்கல்கள் ஒரு பெரிய தூக்கலைவிடப் பாதுகாப்பு. இரண்டு குண்டுகளும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். பத்தில் எட்டு நிப்புகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கால்கள் மட்டமாக இருந்தும் கீறினால்தான் மெருகேற்றும் தாள். மைக்ரோமெஷ் 12000 எண், அல்லது ஒரு மைக்ரான் மெருகுத்தாள். சாதாரண உப்புத்தாள் எந்த எண்ணிலும் கூடாது. பேனாவில் மை இருக்க வேண்டும். எழுதும் அதே சாய்வில், பேனாவின் எடைக்கு மேல் அழுத்தமில்லாமல், படுத்த எட்டு வடிவில் பத்துச் சுற்று. துடைத்து, எழுதிப் பாருங்கள். மிஞ்சிப் போனால் மூன்று முறை இப்படி. அதற்குள் சரியாகாத கீறல் மெருகால் சரியாகாது. மேலும் தேய்த்துக்கொண்டே போனால் கோளாறு 2-இல் சொன்ன உருண்ட விளிம்பை உங்கள் கையாலேயே உண்டாக்குவீர்கள். இடக்கைக்காரர்கள் நிப்பை இழுக்காமல் தள்ளி எழுதுவதால் அவர்களுக்குக் கீறல் கூடுதலாகத் தெரியும். மெருகேற்றும்போது அவர்கள் பிடிக்கும் கோணத்திலேயே பிடிக்க வேண்டும்.

லென்ஸில் முனைக்குண்டு ஒரு பக்கம் சிறுத்தோ, விரிசலாகவோ, ஒரு காலில் இல்லாமலோ தெரிந்தால் தொடவே வேண்டாம். பேனாவை அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள். அது உற்பத்திக் குறை. நீங்கள் ஒருமுறை தேய்த்துவிட்டால் அப்படிச் சொல்லும் உரிமை போய்விடும்.

கோளாறு 6: மை அதிகமாக வருகிறது, சொட்டுகிறது

மலிவான காரணங்கள்: சோப்பு மிச்சம், மிகத் தாராளமான மை, மெல்லிய தாள். இவற்றைக் கழித்துவிட்டு, நிப்பைக் கீழ்நோக்கி ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள்.

*எழுதாதபோதும் சொட்டுகிறது.* எங்கோ காற்று கள்ளத்தனமாக நுழைகிறது. கன்வெர்ட்டரை அழுத்தி உட்காரவையுங்கள். கழுத்தைச் சுற்றி டிஷ்யூ சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். கறை ஒரு கோடாக விழுந்தால் கழுத்தில் விரிசல். பசை போட்டு ஒட்டாதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

*தொங்கவிட்டால் சொட்டவில்லை, எழுதினால்தான் குளமாகிறது.* நிப்பையும் நாக்கையும் பக்கவாட்டில் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் நாக்கு நிப்பைத் தொடவில்லை. இந்த இடைவெளி சில பேனாவில் மையைக் கொட்டும், சிலவற்றில் மையே வராமல் செய்யும். முதலில் கழற்றி மறுபடி பொருத்துங்கள். எபோனைட் நாக்கு என்றால் சூட்டில் வளைத்துப் பொருத்தலாம்: கொதித்த தண்ணீரை இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, நிப்பும் நாக்கும் உள்ள நுனியை மட்டும் அரை நிமிடம் நனைத்து, துணி சுற்றிய கட்டைவிரலால் நாக்கை நிப்போடு சேர்த்து அரை நிமிடம் அழுத்தி, பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். எபோனைட் உடலில் வெந்நீர் பட்டால் பளபளப்பு போய் நிறம் மங்கும், அதனால் கழுத்து நனையக் கூடாது. பிளாஸ்டிக் நாக்கில் இதைச் செய்யாதீர்கள், கோணிக்கொள்ளும்.

*பிளவு அகன்றிருக்கிறது.* பந்துமுனைப் பேனா அழுத்தத்தில் எழுதியதால் வந்தது. முனையில் கால்கள் தொடாமல் இடைவெளி தெரியும். சில நேரம் கோடு நடுவில் வெள்ளை விட்டு இரட்டைத் தண்டவாளமாகவும் விழும். ஒரு காலை மற்றதன் அடியில் லேசாகச் செருகி, பத்து விநாடி பிடித்து விடுங்கள். பிறகு மாற்றி அடுத்த காலை. இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். உடனே கால் மட்டத்தைச் சரிபாருங்கள், ஏனென்றால் இந்த வேலை அதைக் கலைத்துவிடும்.

கோளாறு 7: உடலிலேயே மை ஊற்றும் பேனா திடீரென்று கக்குகிறது

நிறைய மை இருந்தவரை ஒழுங்காக எழுதி, குறைந்ததும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் நிப்பில் குறையில்லை. கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. காற்று எவ்வளவு அதிகமோ தள்ளலும் அவ்வளவு. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே ஃபில்லரால் மறுபடி நிரப்புங்கள். வெயிலில் நின்ற பைக்கின் பெட்டியில் வைத்த பேனாவை எடுத்தவுடன் திறக்காதீர்கள். நிப்பை மேலே பார்க்கவைத்து ஆறவிட்டு, அதே நிலையில் திறங்கள்.

கழுத்தும் உடலும் சேரும் மரையில் கசிந்தால் சிலிக்கான் கிரீஸ் ஒரு கடுகளவு தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம், ரப்பர் வளையம் சில ரகங்களில் ஊதிப்போகும். கன்வெர்ட்டர் பேனாவை இப்படி மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் உடலுக்குள் பாருங்கள்: உலோக உடல் அரிக்கும், லாமி சஃபாரி போல உடலில் ஜன்னல் திறப்பு இருந்தால் மை நேராகச் சட்டைக்கு வரும்.

கோளாறு 8: மூடிக்குள்ளும் நிப்பின் மேலும் மை

நிப்பின் மேல் பிளவையொட்டி மெல்லிய மைப்படலம் ஏறுவது சில மைகளின் குணம். துடைத்தாலும் மறுபடி வரும், எழுத்தைக் கெடுக்காது, விட்டுவிடுங்கள். மூடிக்குள் சொட்டாகவே கிடந்தால் குலுக்கல்தான் காரணம். பஸ்ஸிலும் பைக்கிலும் போகும்போது பேனாவைப் பையில் படுக்கப் போடாமல், நிப் மேலே இருக்கும்படி சட்டைப் பையில் குத்துங்கள். மூடியைச் சட்டென்று உருவினாலும் உள்ளே உண்டாகும் உறிஞ்சலில் மை தெறிக்கும், மெல்லத் திறங்கள். மூடியின் உட்புறத்தை டிஷ்யூ சுருட்டித் துடைக்காமல் விட்டால் கழுத்திலும் விரலிலும் மை பட்டுக்கொண்டே இருக்கும், பேனா ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நிப் வேலைக்காரரிடம் போவது எப்போது

நிப் கீழே விழுந்து கொக்கி மாதிரி வளைந்தால், முனையை அரைக்க வேண்டியிருந்தால், தங்க நிப் என்றால், மூன்று முறை சீராக்கியும் கால்கள் பழைய நிலைக்கே ஓடினால். ஆனால் கூலி கொடுக்கும் முன் மாற்று நிப்பின் விலையைக் கேளுங்கள். 5, 6 என்ற எண் அளவுகளில் தனி எஃகு நிப்புகள் இந்தியத் தயாரிப்பிலும் ஜெர்மன் தயாரிப்பிலும் கிடைக்கின்றன. சாதாரணப் பேனாவுக்கு நிப்பை மாற்றுவதே மலிவாக முடியும். எண் ஒன்றாக இருந்தாலும் நாக்கின் வளைவு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்காது, ஆகவே பேனாவைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கத்துப் பழைய பேனாக் கடைகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கொடுக்கும்போது பேனாவைக் கழுவிக் காலியாகக் கொடுக்காதீர்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் மையோடு, வழக்கமாக எழுதும் தாளில் அரைப்பக்கம் எழுதி, விட்டுப்போன இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுபோங்கள். அவர் கண்முன்னே இரண்டு வரி எழுதிக் காட்டுங்கள். அவர் பார்க்க வேண்டியது உங்கள் பிடியும் சாய்வும். முனையை அந்தக் கோணத்துக்குத்தான் அரைப்பார். இதுவரை வீட்டில் என்னென்ன செய்தீர்கள் என்பதையும், பிளேடு விட்டிருந்தால் அதையும் சேர்த்து, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.